சத்தம் போடாத வண்டி

அத்தியாயம் 11

கீழே யாரோ கத்துகிற சத்தத்தில்தான் அவளுக்கு விழிப்பு வந்தது.

ராத்திரி முழுக்க ஐ.சி.யூ.வில் நின்ற கால்கள், படுத்த பிறகும் நின்றுகொண்டே இருப்பதைப் போலக் கனத்தன. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டபாடில்லை. மணி பார்க்கக்கூட மனசில்லை. ஆனால் அந்தக் குரல் தம்பியுடையது. இந்நேரத்துக்கு அவன் ஆபீஸில் இருக்க வேண்டியவன்.

"நல்லவேளை, நல்லவேளைங்கறீங்களே அப்பா! ஏதாவது ஆயிருந்தா? யாரு பதில் சொல்றது?"

அப்பாவின் பதில் கேட்கவில்லை. தம்பி மனைவியின் விசும்பல்தான் கேட்டது.

குட்டி!

நினைத்த மாத்திரத்தில் அவள் பாதிப் படிக்கட்டில் இருந்தாள்.

ஹாலில் குட்டி தன் அம்மா மடியில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் வாத்தின் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் முதல் பிறந்தநாள் காணாத பிள்ளை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை முந்திக்கொண்டது. உதட்டு நிறம், நக நிறம், நெஞ்சு ஏறி இறங்குகிற வேகம். குட்டி வாத்தை அவளிடம் நீட்டியது.

"ஒண்ணும் இல்ல அண்ணி. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. ரத்தம்கூட எடுத்துப் பார்த்துட்டாங்க" என்றாள் தம்பி மனைவி. மழலையர் பள்ளியில் வேலை. வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

"எதுக்கு ரத்தம்?"

"உங்கப்பாவைக் கேளு" என்றான் தம்பி. கோபம் வந்தால் அவனுக்கு அப்பா, 'உங்கப்பா' ஆகிவிடுவார்.

அப்பா நாற்காலியில் நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். அந்த நாற்காலியில் அவர் முழங்கால்கள் எப்போதும் இடம் தெரியாமல் திண்டாடும். இன்றைக்கு ஆளே திண்டாடுவதைப் போலிருந்தார்.

"வண்டியை ஆஃப் பண்ணாம விட்டுட்டேம்மா" என்றார் தரையைப் பார்த்து.

தம்பி மீதியைச் சொன்னான். கார் ஷெட்டுக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. டீச்சர் பள்ளிக்குப் போகிற வேளைகளில் குட்டி அப்பாவோடு அந்த அறையில்தான் தூங்கும். இன்று காலை ஷட்டர் இறங்கியிருந்த ஷெட்டுக்குள் வண்டி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புகை கதவிடுக்கு வழியாக அறைக்குள் வந்திருக்கிறது. அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, ஷட்டரை ஏற்றி, வண்டியை அணைத்திருக்கிறார். அரைநாள் முடிந்து வந்த டீச்சர் கண்டது, கொட்டுகிற மழையில் வாசல் கேட்டருகே குடை பிடித்தபடி, பேரப்பிள்ளையை மார்போடு அணைத்து நின்ற மாமனாரை.

"இதெல்லாம் நடந்து எவ்வளவு நேரம் ஆச்சு? வீட்டிலேயே நர்ஸ் ஒருத்தி தூங்குறேன். என்னை ஏன் எழுப்பலை?"

"மாமாதான் வேண்டாம்னார் அண்ணி. ராத்திரி முழுக்க முழிச்சவ, தூங்கட்டும்னு. நான் டாக்ஸி பிடிச்சு கிளினிக் போயிட்டேன். இவரும் ஆபீஸ்லேர்ந்து நேரா அங்கேயே வந்துட்டார்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

*

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற அந்த ஹைப்ரிட் எஸ்.யூ.வி. இந்த வீட்டுக்குள் வந்த கதையை இவ்வளவு நாள் படித்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி அரை வருஷம் ஆராய்ச்சி செய்தான். சாப்பாட்டு மேசை பட்டிமன்ற மேடை ஆனது.

"ஊருக்குள்ள நின்னு நின்னு போற டிராஃபிக்ல இதை அடிச்சுக்க ஆள் கிடையாது. பிரேக் பிடிக்கிறப்பெல்லாம் பேட்டரி தானா ஏறும். சார்ஜ் போட வயரைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். நமக்கு எல்லாமே ஊருக்குள்ளதான? பெட்ரோல் மிச்சம்" என்பான் தம்பி.

"நெடுஞ்சாலைல?" என்பார் அப்பா.

"அங்கே அவ்வளவு மிச்சமாகாது. ஒத்துக்கறேன்."

"டிக்கில ஸ்டெப்னி எங்கே?"

"பேட்டரி இடம் எடுத்துக்குதுப்பா. அதுக்குப் பதிலா பஞ்சர் ஒட்டுற மருந்து டப்பா ஒண்ணு தர்றாங்க."

"ஸ்டெப்னிக்குப் பதிலா மருந்து டப்பாவா! தலைவலித் தைலமும் தருவானா?"

உயரம் அதிகம், ஏறி இறங்க முழங்கால் சம்மதிக்க வேண்டும். பேட்டரி போய்விட்டால் தெருமுனை மெக்கானிக் கை வைக்க மாட்டார். இவற்றையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில் அப்பா தன் பெரிய ஆட்சேபணைக்கு வருவார்.

"வண்டின்னா பேசணும்டா. எனக்கு இன்ஜின் சத்தம்தான் மீட்டரு. இது உயிரோட இருக்கா இல்லையான்னே தெரியலையே."

அப்படிச் சொன்னவர்தான், வண்டி வந்த இரண்டாவது வாரமே மனம் மாறினார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, பஞ்சுமேல் போவது மாதிரி போகிறது என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினார். பழைய காரில் கியர் மாற்றும்போதெல்லாம் கடகடவென்று அரைத்து எல்லோரையும் பல் கூச வைத்தவர், இதில் வெண்ணெய் மாதிரி ஓட்டினார். "பார்த்தியா, கடைசில யாரு ஜெயிச்சது?" என்று தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதில் அதிகமாக ஓய்வு கண்டது அவள்தான்.

இரண்டு பெட்டியோடு கணவன் வீட்டைவிட்டு வந்து, தம்பி வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொண்டவள் அவள். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததையும் சேர்த்துத்தான் அவள் சுமந்தாள். ராத்திரி டியூட்டிக்கு அப்பாதான் கொண்டுபோய் விடுவார், விடிந்ததும் கூட்டி வருவார். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்து, அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் அப்படியொரு அமைதி இருக்கும். அந்த அமைதியில்தான் அவளுக்கு வாய் திறந்தது. எட்டு வருஷ மணவாழ்க்கையை, அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியவற்றை, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அப்பா குறுக்கே பேசவில்லை. புத்தி சொல்லவில்லை. சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டுவார்.

மூன்று நாளைக்கு முன்பு பெரிய விஷயத்தையும் அந்த சீட்டில் உட்கார்ந்தே இறக்கிவைத்தாள். கணவன் போன் செய்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், உன்னைக் கூட்டிப்போக வேண்டும் என்றான். "வரச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலை நம்பி அவள் சரி என்று சொல்லிவிட்டாள். தம்பிக்குக்கூட இன்னும் தெரியாது.

இன்று மட்டும்தான் முறை மாறியது. டீச்சருக்குப் பள்ளியில் சீக்கிரம் போக வேண்டிய வேலை. குட்டியைப் பார்த்துக்கொள்ள அப்பா வீட்டில் இருந்தாக வேண்டும். எனவே நேற்று இரவு வண்டியை அவளே எடுத்துப்போய், காலையில் அவளே ஓட்டி வந்தாள்.

*

"நான் முடிவு பண்ணிட்டேன்" என்றான் தம்பி. குரல் இறங்கியிருந்தது. இறங்கிய குரல்தான் இன்னும் மோசம். "இனிமே சாவி என்கிட்ட இருக்கும். அப்பா வண்டியைத் தொட வேண்டாம். திங்கட்கிழமையிலேர்ந்து குட்டியைக் காப்பகத்துல விட்டுடலாம்."

டீச்சர் குட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்டக்டரோடு சில்லறைக்காகச் சண்டைபோடுகிற பயணிகளை நாளெல்லாம் கேட்டுப் பழகிய மனுஷன், ஒரு எதிர்ப்பேச்சு பேசவில்லை. எழுந்தார். குட்டியின் தலையைத் தொடப் போன கை பாதியில் நின்று, தன் ஈரச் சட்டையைத் தடவிக்கொண்டது. பிறகு உள்ளே போனார்.

"கொஞ்சம் பொறுடா" என்றாள் அவள்.

"பொறுத்ததாலதான் இங்க வந்து நிக்குது. சாரல் அடிக்குதுன்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணி லேசா உள்ள தள்ளி நிறுத்தினாராம். நிறுத்தினவர் பட்டனை அமுக்கணும்ல? இது இன்ஜின் நின்னா வண்டி நின்னதா அர்த்தமில்லப்பான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பேட்டரி இறங்கினா இன்ஜின் தானா எழுந்துக்கும்னு தலைகீழா நின்னு சொன்னேன்."

அவளுக்குத் தலை வலித்தது. மூக்குக்கண்ணாடி இல்லாத தலைவலி. தேடிப் பார்த்தாள், மாடியில் இல்லை. வண்டியில் விட்டிருப்பாள்.

ஷெட்டில் ஷட்டர் மேலே ஏறிக் கிடந்தது. தகரக் கூரைமேல் மழை இரைந்தது. வெளியே இவ்வளவு காற்று இருந்தும் உள்ளே இன்னும் லேசாகப் புகை வாடை. அவள் கதவைத் திறந்து, காலை உந்தி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கச்சிதமாக உட்கார்ந்தாள்.

கால் பிரேக்கில் சரியாகப் பட்டது. ஸ்டீயரிங் கைக்கு எட்டியது. அவள் குள்ளம். அப்பா ஓட்டிய பிறகு இந்த சீட்டில் ஏறினால் கடலில் விழுந்தது போலிருக்கும், முன்னால் இழுத்து இழுத்துத்தான் உட்கார வேண்டும். நேற்று இரவு அப்படி இழுத்துப் போட்ட சீட், இழுத்தபடியே இருந்தது. இதில் அப்பா உட்காரவே முடியாது. முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டும்.

வண்டியை அவர் தள்ளவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. கதவைத் திறந்து, கையை நீட்டி, பட்டனை மட்டும் அமுக்கியிருக்கிறார்.

அவள் மூக்குக்கண்ணாடி டம்ளர் வைக்கிற குழியில் கிடந்தது. காலையில் சாவியையும் அங்கேதான் போட்டாள். ஷட்டர் பூட்டுகிறோமே, சாவியை யார் எடுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. வண்டியின் முன்கண்ணாடியில் ஆவி படிந்ததென்று ஏ.சி. போட்டிருந்தாள். அதையும் நிறுத்தவில்லை, அதுதான் பேட்டரியை இறக்கியிருக்க வேண்டும். வண்டியை உள்ளே விட்டாள், நிறுத்தினாள், இன்ஜின் சத்தம் இல்லை, இறங்கினாள்.

ஏதோ கீச்சிட்டதே?

கீச்சிட்டது. இப்போது நினைவுக்கு வருகிறது. இறங்கிக் கதவை மூடுகிற வரைக்கும் 'பீப் பீப்' என்று ஏதோ அடித்துக்கொண்டது. அவள் கேட்டாள். கேட்டும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க அப்படித்தான் அடித்துக்கொண்டே இருக்கும். எந்தச் சத்தத்துக்கு ஓடுவது, எந்தச் சத்தத்தை விடுவது என்று பிரித்துப் பிரித்தே அவள் காது மரத்துப்போயிருந்தது. கட்டில் எண் சொல்லாத சத்தம் அவளுக்குச் சத்தமே இல்லை.

அழுகை வருமென்று பார்த்தாள். அதற்குக்கூடத் தெம்பில்லை.

*

தம்பி போனில் காப்பகத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தான்.

"போனை வை."

"ஒரு நிமிஷம்க்கா..."

"வைடா. வண்டியை ஆஃப் பண்ணாம விட்டது அப்பா இல்ல. நான்."

போன் அவன் கையிலேயே 'ஹலோ, ஹலோ' என்றது. அவன் அணைத்தான்.

"அது எப்படி? ஆஃப் பண்ணாம இறங்கினா அது கத்துமே!"

"கத்திச்சு. ராத்திரியெல்லாம் நாலு மானிட்டர் கத்திச்சு. அஞ்சாவதா அதுவும் கத்திச்சு. இறங்கிப் போய்ப் படுத்துட்டேன்." அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "கத்துடா. அப்பாகிட்ட கத்தின மாதிரியே என்கிட்டயும் கத்து."

அவனால் முடியவில்லை. வாய் வரைக்கும் வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான்.

டீச்சர் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டாள். அவளும் கத்தவில்லை. பரவாயில்லை அண்ணி என்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது, வெளியே நின்ற அவளுக்கு.

"அப்பா ஏன் ஒத்துக்கிட்டார்?" என்றான் தம்பி.

"நான் உன் வீட்டுல இருக்கேன்ல."

"என்னக்கா இது! என் வீடு, உன் வீடுன்னு."

"நான் சொல்லலை. அவர் நினைச்சிருக்கார்."

தம்பி மேசைமேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடிப் போனான். ஷெட்டில் அவன் பேசுவது அரையும் குறையுமாகக் கேட்டது. சாரிப்பா. தெரியாமப் பேசிட்டேன். சாவியை நீங்களே வச்சுக்குங்க. காப்பகம்லாம் வேண்டாம்.

போன வேகத்திலேயே திரும்பினான். சாவி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"வாங்க மாட்டேங்கறார். எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கங்கறார். கால்லயா விழணும்? நீ போய்ப் பாரு."

*

அப்பா சீட்டைப் பின்னால் தள்ளி டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு துணியால் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

பழக்க தோஷத்தில் அவள் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். அவருக்கு இடதுபக்கம்.

"ஏம்பா பொய் சொன்னீங்க?"

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கோபமா? அவன்மேலதானே கோபம்? என்கிட்ட பேசுங்க."

துணி ஸ்டீயரிங்கைச் சுற்றி வந்தது. மழை தகரத்தில் கொட்டியது. அவள் அவர் தோளைத் தொட்டாள்.

அவர் திடுக்கிட்டு, உடம்போடு சேர்த்து முழுசாகத் திரும்பினார். முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதை அவள் பக்கம் கொடுத்து, "என்னம்மா, எப்ப ஏறின?" என்றார்.

அந்தத் திரும்பலை அவள் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறாள். எத்தனையோ பேரின் காதுக்குக் கிட்டப்போய் உரக்கப் பேசியிருக்கிறாள். சொந்த வீட்டில் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

"இந்த இடது காது எப்போலேர்ந்து கேக்கலை?"

அப்பா துணியை நான்காக மடித்தார்.

"ரெண்டு வருஷமா மந்தம். இப்போ சுத்தமா இல்ல." பிறகு, பிடிபட்டவனின் சிரிப்பு ஒன்று சிரித்தார். "பழைய வண்டியில மாட்டியிருப்பேன். இன்ஜின் இரைச்சலைக் கேட்டுத்தான கியர் மாத்தணும்? கேக்கலை, அரைச்சுது. வயசாச்சுன்னு நீங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்கிட்டீங்க. இது வந்துச்சு. கியரும் இல்ல, சத்தமும் இல்ல. உங்க எல்லாருக்கும் கேக்காதது எனக்கும் கேக்கலை. ஒரே கணக்கு ஆயிடுச்சு."

வெண்ணெய் மாதிரி ஓட்டினார் என்று வீடே மெச்சியதை நினைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு..." என்று ஆரம்பித்தவர், மடித்த துணியை மறுபடி பிரித்தார். "வலது காது தலகாணியில அழுந்தியிருக்கு. குட்டியை அணைச்சுப் படுத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் ஓடுது, எனக்குத் தெரியலைம்மா. புகை வாடைதான் எழுப்பிச்சு. அந்த வாடையிலேயே வாழ்ந்த மூக்கு, அதனால பிழைச்சோம். காது உள்ளவன் முன்னாடியே எழுந்திருப்பான். அவன் காப்பகம்னு சொன்னப்போ, சரியாத்தான் சொல்றான்னு தோணிச்சு. பின்னால ஒருத்தன் ஹார்ன் அடிச்சா கேக்காத ஆளு, எந்த முகத்தோட சாவி வாங்குறது?"

நாளைக்கே காது டாக்டரிடம் போகலாம், கருவி வைக்கலாம், ஓட்டலாமா வேண்டாமா என்று அந்த டாக்டரே சொல்லட்டும் என்றெல்லாம் சொல்லலாம். சொல்லத்தான் போகிறாள். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று அவளுக்கு உறைத்தது.

இந்த சீட். இந்தப் பக்கம். விடியற்கால சிக்னல்கள்.

"அப்பா." இந்த முறை குனிந்து, அவர் முகத்துக்கு எதிரே போய்ச் சொன்னாள். "காலைல வீட்டுக்கு வர்றப்போ நான் பேசிக்கிட்டே வருவேனே. அதெல்லாம்?"

அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

"நீ பேசிட்டு வந்தா உன் முகம் தெளிஞ்சிருக்கும். என்னன்னு கேட்டா நிறுத்திடுவியோன்னு பயம். அதனால தலையை ஆட்டுவேன்."

எட்டு வருஷக் கதை. ஒரு சொல் அவர் காதுக்குள் போகவில்லை. அவள் சிரித்தாள். சிரிப்பா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கோபப்படலாம் என்றால், இரண்டு மாதமாக அந்தத் தலையாட்டலில்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

"என்னம்மா? முக்கியமா ஏதாவது சொன்னியா?"

ஷெட்டுக்கு வெளியே தெரு நனைந்து கிடந்தது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

"ஒருத்தரை வீட்டுக்கு வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன்ப்பா. நீங்க தலையாட்டினீங்க. வரச் சொல்லிட்டேன்."

அப்பா துணியைக் கீழே வைத்தார். வலது காதை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார்.

"யாரை?"